சாமுவேல் சூவலின் பாவ அறிக்கை

1697ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பாஸ்டன் நகரத் தென் திருச்சபையில் உபவாச ஆராதனை நடைபெற்றது. மாசசூசெட்ஸ் சட்டசபையின் மேலவையாகிய ஆலோசனைச் சபையின் உறுப்பினர் சாமுவேல் சூவல், தாம் எழுதிய தாள் ஒன்றைப் போதகர் வில்லர்டிடம் கொடுத்தார். அது வாசிக்கப்படும் வரை சபையார் முன் எழுந்து நின்றார், முடிந்ததும் தலைவணங்கினார்.

1652இல் இங்கிலாந்தில் பிறந்த சூவல், ஒன்பது வயதில் அமெரிக்கா வந்து குடியேறியவர். ஹார்வர்டில் இறையியல் பயின்றும், திருமணத்திற்குப்பின் வணிகத்திலும் அரசியலிலும் புகுந்தார். 1692இல் சேலம் ஊரின் சூனிய வழக்குகளை விசாரித்த தனி நீதிமன்றத்தில் அவரும் ஒரு நீதிபதி. குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஆவியுரு தங்களை வதைத்ததாகச் சிலர் கூறியதை, அது பிறர் கண்ணுக்குப் புலப்படாததாயினும், அம்மன்றம் சாட்சியமாக ஏற்றது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

1696 டிசம்பரில் சூவலின் இளம் மகள் சாராள் மரித்தாள். மறுநாள் அவருடைய மகன் வாசித்த மத்தேயு 12ஆம் அதிகாரத்தில், குற்றமற்றோரைக் குற்றவாளிகளாகத் தீர்த்தலைப் பற்றிய 7ஆம் வசனம் அவர் நெஞ்சைத் தைத்தது.

இங்கு ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவ்வுபவாச நாளுக்கான அரசாங்க அறிவிப்பை வரைந்தவரும் சூவலே. அதில் இரு திறத்தாரிடமும் நேர்ந்த தவறுகள் என்று பொதுப்படையாகவே கூறப்பட்டது. தேவாலயத்தில் வாசிக்கப்பட்ட தாளிலோ, பழியையும் வெட்கத்தையும் தாமே ஏற்பதாக எழுதினார். மனிதரிடமும் மன்னிப்புக் கேட்டார். தலைமை நீதிபதியாயிருந்த ஸ்டௌட்டன் இறுதிவரை அவ்வாறு அறிக்கையிடவில்லை. சூவல் பதவியைத் துறக்கவுமில்லை. அது போதுமானதா என்று வினவுவோர்க்கு நியாயமுண்டு.

ஆயினும் அவ்வறிக்கை அன்றோடு நின்றுவிடவில்லை என்பது நம் கருத்து. 1700இல் அவர் ‘யோசேப்பின் விற்பனை’ என்னும் மூன்று பக்கச் சிறு நூலை வெளியிட்டார். நியூ இங்கிலாந்தில் அச்சேறிய முதல் அடிமை ஒழிப்பு நூல் அதுவே. ஆதாமின் மக்கள் யாவர்க்கும் விடுதலையில் சம உரிமை உண்டு என்றும், யோசேப்பை விற்கச் சகோதரர்க்கு உரிமை இல்லாததுபோல் ஆப்பிரிக்கரை விற்கவும் எவர்க்கும் உரிமை இல்லை என்றும் வாதிட்டார். அதே நூலில், கறுப்பர் வெள்ளையரோடு ஒரே சமுதாயமாக ஒன்றிணைய இயலாதென்றும் எழுதினார். அக்குறையை நாம் மறைத்தல் ஆகாது. அடிமையொருவரை வைத்திருந்த நீதிபதி ஜான் சாஃபின் 1701இல் மறுப்பு நூல் வெளியிட்டார். ஆதாம் என்னும் அவ்வடிமை, சூவலின் ஆதரவோடு வழக்காடி, 1703இல் விடுதலை பெற்றார்.