ஒரு சின்ன மந்திரமும் ஒரு பெரிய சண்டையும்

சனிக்கிழமை இரவு மணி பதினொன்று. ஈப்போவில் நண்பர் ஒருவரின் வீட்டில் மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம். புந்தோங் கச்சாங் பூத்தே பொட்டலம் பிரித்தபடியே கிடக்கிறது. கணக்காளர் வேலை பார்க்கும் தம்பி சிரிக்கிறார். பள்ளி ஆசிரியரான அண்ணன் தன் பகடைகளை எடுத்துப் பையில் போடுகிறார்.

“நான் கிளம்புறேன்மா. அடுத்த வாரம் வரமாட்டேன்.”

எல்லாவற்றுக்கும் காரணம், இல்லாத உலகத்தில் போட்ட ஒரு மந்திரம்!

நாங்கள் ஆடுவது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாக, மந்திரவாதியாக, திருடனாக அந்தக் கதைக்குள் நுழைவார்கள். கூத்தில் வேஷம் கட்டுவது போலத்தான். ஆனால் இங்கே வசனத்தை யாரும் எழுதித் தருவதில்லை. நினைத்தது பலிக்குமா என்பதை 20 முகப் பகடை சொல்லும்.

வானொலியில் தினமும் பேசிப் பழகியதாலோ என்னவோ, எங்கள் குழுவில் கதையை நடத்தும் வேலை எனக்கு.

அப்படி என்ன மந்திரம்?

அன்றைக்குக் கதையின் பெரிய எதிரியான பூதம் எதிரே நின்றது. அதற்காக நான்கு வாரமாகக் கதையை வளர்த்திருந்தேன். தம்பியின் மந்திரவாதி ‘பேனிஷ்மென்ட்’ என்ற மந்திரத்தைப் போட்டார். எதிரியை அதன் சொந்த உலகத்துக்கே துரத்தும் 4ஆம் நிலை மந்திரம் அது. தம்பியின் மந்திரவாதி 7ஆம் படியில் இருக்கிறான். அந்தப் படியில் 4ஆம் நிலை மந்திர இருப்பு ஒன்றே ஒன்றுதான். பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பூதம் தப்பிக்கலாம். உருட்டினேன். 14. பூதம் தப்பித்தது.

“இருங்க அக்கா! சில்வரி பார்ப்ஸ்!” என்றார் தம்பி.

2021இல் வந்த ‘ஸ்ட்ரிக்ஸ்ஹேவன்’ புத்தகத்தில் உள்ள முதல் நிலை மந்திரம் இது. எதிரி ஒரு முயற்சியில் வென்ற உடனே, மறுபடி உருட்டச் சொல்லி, இரண்டில் குறைந்த எண்ணை எடுக்க வைக்கும். கூடவே நம் பக்கத்தில் ஒருவருக்கு அடுத்த முயற்சியில் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் சலுகையும் கிடைக்கும்.

மறுபடி உருட்டினேன். 5. பூதம் மறைந்துபோனது. அண்ணனின் வீரன் வாளை உறையிலிருந்து உருவக்கூட இல்லை.

இரண்டு பக்க நியாயம்

“இது ரொம்ப ஓவர்” என்பது அண்ணனின் வாதம். கணக்கும் அவர் பக்கம்தான். 9 அல்லது அதற்கு மேல் தேவை என்றால் பூதம் தப்பிக்கும் வாய்ப்பு 100க்கு 60. இரண்டு தடவையும் தப்பிக்க வேண்டுமென்றால் அது 36 ஆகிவிடும். எதிரி தப்பித்ததைக் கண்ணால் பார்த்த பிறகு போடுவதால், தேவையில்லாத நேரத்தில் மந்திரம் செலவாவதும் இல்லை. இருப்பு ஒன்றே ஒன்றான பெரிய மந்திரத்தை, இருப்பு நான்கு உள்ள சின்ன மந்திரம் வந்து காப்பாற்றுகிறது.

தம்பி விடவில்லை. “மறுபடி உருட்டும்போதும் பூதம் தப்பிக்க 60 சதவீத வாய்ப்பு இருக்கே! அதுவும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான். இதைப் போட்டுட்டா, என்னை அடிக்க வரும்போது கேடய மந்திரம் போட முடியாது. ஃபயர்பாலை மட்டும் ஏன் யாரும் கேட்கிறதில்லை?”

நல்ல கேள்விதான். 2014 பதிப்பின் வழிகாட்டிப் புத்தகம், பலரைத் தாக்கும் 3ஆம் நிலை மந்திரத்துக்கு ஆறு பகடை போதும் என்கிறது. சராசரி 21. அதே பதிப்பின் ஃபயர்பாலுக்கு எட்டுப் பகடை, சராசரி 28. ஆனால் அந்த நெருப்புக்கு நண்பன், எதிரி தெரியாது. வட்டத்துக்குள் நிற்கும் எல்லாரையும் எரிக்கும்.

கர்ணனின் சக்தி ஆயுதம் நினைவுக்கு வந்தது. எவரையும் கொல்லும், ஆனால் ஒரே தடவை. அர்ச்சுனனுக்காக வைத்திருந்ததைக் கடோத்கசன் மேல் செலவழிக்க வேண்டி வந்தது. ஆயுதம் பெரிதாக இருப்பதில் தப்பில்லை. அதற்கு என்ன விலை என்பதுதான் கேள்வி.

பாட்டி போட்ட சட்டம்

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணன் சொன்னார்: “மந்திரத்தை விடும்மா. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம். இதுக்குன்னு சுங்கை சிப்புட்லேருந்து வண்டி ஓட்டி வர்றேன். வந்து சும்மா உக்காந்துட்டுப் போறேன்.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பாட்டி பால்மரத் தோட்டத்தில் இருந்தவர். இன்று அந்த இடம் முழுக்கச் செம்பனை. லயத்து வீட்டுத் திண்ணையில் கரிக்கட்டையால் கட்டம் போட்டு, ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையை உருட்டித் தாயம் ஆடுவோம். ‘வெட்டாமல் பழம் ஏறக்கூடாது’ என்று ஒரு வீட்டில் சட்டம், ஏறலாம் என்று இன்னொரு வீட்டில். சண்டை வந்தால் பாட்டி சொல்வது ஒன்றுதான்: “ஆட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேசுங்க. காய் வெட்டுப்பட்ட பிறகு பேசாதீங்க.” சின்னவன் தொடர்ந்து தோற்றால், அடுத்த ஆட்டத்துக்குச் சட்டத்தை மாற்றுவதும் அவர்தான். மாற்றிய சட்டம் எல்லாருக்கும் பொது.

யோசித்தபோது என் தப்பும் தெரிந்தது. நான்கு வாரமாக, ஒவ்வொரு சண்டையிலும் ஒற்றைப் பெரிய எதிரியையே நிறுத்தியிருந்தேன். அப்படிப்பட்ட சண்டையில் ஒரே ஒரு பகடையைத் திருப்பினால் எல்லாம் முடிந்துவிடும். பத்து எதிரிகள் வந்தால், சுற்றுக்கு ஒரு தடவை போடும் மந்திரம் எதற்குக் காணும்?

மறுநாள் இருவரையும் அழைத்துப் பேசினேன். 2024இல் வந்த புதிய பதிப்பில் ஒரு விதி இருக்கிறது: ஒரு முறையில் ஒரு மந்திர இருப்பைத்தான் செலவழிக்கலாம். அதன்படி, தன் முறையில் பேனிஷ்மென்ட் போட்டவர் அதே முறையில் சில்வரி பார்ப்ஸ் போட முடியாது. மற்றவர்கள் முறையில் போடலாம். நாங்கள் ஆடுவது பழைய பதிப்பு என்றாலும், இந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தம்பி கொஞ்சம் முனகினார். பிறகு, “போன வாரம் போனது போனதுதானே? பூதம் திரும்பி வராதே?” என்றார். வராது என்றேன். ஒப்புக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் வந்தார். குறுகலான குகை வாசல், உள்ளே பன்னிரண்டு கொள்ளையர்கள். வீரன் வாசலை அடைத்து நின்றான். மூன்றாவது சுற்றில் ஒரு கோடரி அவன் தலைக்குச் சரியாக வந்தது.

“சில்வரி பார்ப்ஸ்!”

மறுபடி உருட்டினேன். 2. கோடரி பாறையில் பட்டது.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கச்சாங் பூத்தே பொட்டலத்தைத் தம்பி பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தன் பகடையை எடுத்தார்.

உங்கள் வீட்டிலும் ஆடிப் பார்க்க ஆசையா? அடிப்படை விதிகளை வெளியீட்டு நிறுவனமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒரு செட் பகடை, நான்கைந்து பேர், ஒரு மாலைப் பொழுது போதும். வீட்டுச் சட்டங்களை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.