கையிலிருந்து ஆயிலுக்கு, ஆயிலிலிருந்து கரண்டுக்கு

ஓடுகிற காரின் ஸ்டீரிங் யாருக்கும் கனக்காது. நின்ற இடத்தில் ஒடிக்கும்போதுதான் அதன் கனம் தெரியும். சாயங்காலம் திருநெல்வேலி இருட்டுக்கடை வாசலில் அல்வாவுக்குக் கூட்டம் நெரிகிற நேரம், கீழ ரத வீதியில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே காரைச் சொருகப் பார்க்கும் டிரைவரைக் கேட்டால் சொல்வார். நாற்பது வருடத்துக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது டிரைவரின் தோள்பட்டை. இருபது வருடத்துக்கு முன்னால், எஞ்சின் பெல்ட்டில் ஓடிய பம்ப். இன்றைக்கு ஒரு மோட்டார். பேட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் பாபநாசம் சாலை நெடுகவும் இருக்கிற பழைய பட்டறைகள் இந்த மூன்று காலத்தையும் பார்த்துவிட்டன.

தோள்பட்டைக் காலம்

1950களின் கடைசியில் வந்த அம்பாசடர், ஆயிரம் கிலோவுக்கு மேல் கனமுள்ள வண்டி. அதில் பெரும்பாலானவற்றுக்குப் பவர் ஸ்டீரிங் கிடையாது. ஸ்டீரிங் வட்டம் அவ்வளவு பெரிதாக இருந்தது அழகுக்காக அல்ல. வட்டம் பெரிதானால் நெம்புகோல் நீளம்; அதே கைக்குக் கூடுதல் பலம். பஸ்ஸில் அந்த வட்டம் இன்னும் பெரிது. பாபநாசத்திலிருந்து காரையாருக்கும், மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கும் ஏறுகிற பஸ்ஸில், வளைவு வந்தால் டிரைவர் சீட்டைவிட்டு அரை எழும்பு எழும்பி உடம்பையே வட்டத்தின்மேல் சாய்ப்பார். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் ஏற்றிப் போன டிரைவர்களுக்கு அன்றைக்கு ராத்திரி கை தூக்க முடியாது.

தென் தமிழ்நாட்டின் பஸ் தொழிலில் இந்த மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் சொந்த ஊர் திருக்குறுங்குடி. 1911-இல் அவர் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் பஸ் ஓட்டியது, பிறகு உதிரிபாகங்களிலும் இறங்கியது. பஸ்கள் அரசுடைமை ஆனபின் 1974 முதல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் ஓடியது. முதலாளி மாறினார், ஸ்டீரிங்கின் கனம் உடனே மாறிவிடவில்லை.

அந்தக் கால ரிப்பேர் எளிது. கிரீஸ் கன்னால் மூட்டுக்கு மூட்டு கிரீஸ் அடிப்பது, டை ராடு முனை தேய்ந்தால் மாற்றுவது, ஸ்டீரிங்கில் ‘பிளே’ கூடினால் குறைப்பது. கோளாறு எங்கே என்று டிரைவரின் கையே சொல்லிவிடும். ஆனால் அந்தக் கனமே பலரை வண்டிக்கு வெளியே நிறுத்தியது. வயதானவர்கள் ஓட்டுவதை விட்டார்கள். வீட்டில் கார் நின்றாலும் அதைத் தொடாத பெண்கள் ஏராளம். 1983-இல் மாருதி 800 வந்தபோது, அதன் எடை குறைவு என்பதாலேயே, பவர் ஸ்டீரிங் இல்லாமலும் பலர் துணிந்து உட்கார்ந்தார்கள்.

பம்ப் வந்த காலம்

உலகத்துக்குப் பவர் ஸ்டீரிங் புதிதல்ல. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியில் வேலை பார்த்த பிரான்சிஸ் டேவிஸ் 1920களிலேயே ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டீரிங்கைச் செய்து காட்டினார். 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வந்தது. நம் பக்கத்துக் கார்களில் அது பரவியது 1990களில். எஸ்டீம், சியலோ என்று தொடங்கி, சுமோவும் 2000-இல் வந்த குவாலிஸும் 2002-இல் வந்த ஸ்கார்ப்பியோவும் ஓட ஆரம்பித்ததும் டிராவல்ஸ்காரர்களின் வாழ்க்கை மாறியது. குற்றாலம் சீசன், திருச்செந்தூர், நவதிருப்பதி, நவகைலாயம் என்று ஒரே நாளில் சுற்றுகிற டிரைவருக்குத் தோள் வலி போனது.

அது வேலை செய்யும் விதத்தை நெல்லைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஆனித் தேரோட்டத்தில் தேரை இழுப்பது வடம் பிடிக்கும் கூட்டம். திருப்புவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர். பலம் ஓரிடம், திசை ஓரிடம். பவர் ஸ்டீரிங்கிலும் அப்படித்தான். டிரைவர் லேசாகத் திருப்பியதும் ஒரு வால்வு திறக்கும். பம்ப் அனுப்புகிற ஆயில், சக்கரங்களோடு இணைந்த ரேக் தண்டின் ஒரு பக்கம் பாய்ந்து, சக்கரத்தைத் தள்ளும் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும். பம்ப் நின்றாலும் ஸ்டீரிங் நின்றுவிடாது. பழைய கனத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான்.

பம்ப் வந்ததும் பட்டறையில் புது வித்தை ஒன்று வேண்டியிருந்தது. கையால் தெரிந்துகொண்டதைக் காதாலும் ஆயிலாலும் தெரிந்துகொள்ள வேண்டும்.

“அண்ணாச்சி, ஒடிக்கும்போது கீச்சுன்னு கத்துது. பம்ப் போயிட்டு போல.”

“பொறு தம்பி. பம்ப் கத்தாது, முனங்கும். கத்துறது பெல்ட்டு.”

எந்தப் பட்டறையிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. அதில் உண்மையும் இருக்கிறது. முழு ஒடிப்பில் கீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல் என்றால் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது ஆயிலில் காற்று கலந்திருக்கலாம். ஆயில் டப்பாவைத் திறந்தால் நுரை தெரியும். டப்பாவிலிருந்து பம்புக்கு ஆயில் வரும் ரப்பர் குழாயில் கிளிப் தளர்ந்திருந்தால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் போகலாம். பம்ப் உறிஞ்சும்போது காற்று மட்டும் உள்ளே போகும். அந்த ஒரு கிளிப்பைப் பார்க்காமல் பம்பை மாற்றியவர்களுக்குப் புது பம்பும் முனங்கும்.

பம்பையே அவிழ்க்க வேண்டி வந்தால், உள்ளே இருப்பது நுணுக்கமான சாமான். நடுவே சுழலும் ரோட்டர். அதன் பள்ளங்களில் வழுக்கி வெளியே வரும் சின்னச் சின்னத் தகடுகள், பெரும்பாலும் பத்து. அவற்றைச் சுற்றி முட்டை வடிவத் துளையுள்ள வளையம். தகட்டின் ஒரு விளிம்பு உருண்டிருக்கும். அது வெளிவளையத்தைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டுப் பூட்டினால் பம்ப் சரியாக அழுத்தம் தராது. புல்லிக்குப் பின்னால் ஆயில் சிதறியிருந்தால் ஷாப்ட் சீல் போயிருக்கிறது. சீல் கிட் வாங்குவதற்கு முன் ஷாப்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார் விவரமான மெக்கானிக். நகம் எங்கேயாவது தடுக்கினால் அங்கே கோடு விழுந்திருக்கிறது. எந்தச் சீலும் நிற்காது; புதுப் பம்புதான். வளையத்தில் கீறல் இருந்தாலும் அதே தீர்ப்பு.

புதுப் பம்பைப் பூட்டுவது பாதி வேலை. பழைய ஆயிலை முழுக்க வடிக்காவிட்டால் அதிலிருக்கும் இரும்புத் தூள் புதுசையும் தின்றுவிடும். பிறகு காற்று எடுக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினைப் போடாமலேயே, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை நிதானமாக ஒடித்து ஒடித்து, ஆயில் இறங்க இறங்க ஊற்றி, குமிழி நின்றபின்தான் எஞ்சின். அவசரத்தில் கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. அது ரப்பர் சீல்களை உப்பவைத்துக் கெடுத்துவிடும். காயலான் கடையில் எடுத்த பழைய பம்பைப் பூட்டுவதும் இங்கே சகஜம். ஷாப்டைக் கையால் சுற்றி, ஆட்டம் இருக்கிறதா, உள்ளே உரசுகிறதா என்று பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு அது லாபம்.

கரண்டுக் காலம்

பம்புக்கு ஒரு குறை உண்டு. நேர் ரோட்டில் போகும்போதும் அது எஞ்சினிடமிருந்து பலம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். திருப்பும்போது மட்டும் வேலை செய்யும் மின் மோட்டார் அதைத் தள்ளிவிட்டது. 1988-இல் ஜப்பானில் சுசூகி செர்வோ காரில் முதலில் வந்த அந்த ஏற்பாடு, நம் ஊரில் வாகன் ஆர் போன்ற சின்னக் கார்களில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறியது. கனத்த ஸ்டீரிங் காலத்தின் இரண்டு அடையாளங்களான மாருதி 800-ம் அம்பாசடரும் 2014 என்ற ஒரே ஆண்டில் தயாரிப்பை முடித்துக்கொண்டன. 2005-இல் ஆயில் பம்போடு வந்த இன்னோவாவின் ஹைக்ராஸில் இப்போது மின் ஸ்டீரிங். ஸ்கார்ப்பியோ என்-னிலும் அப்படியே. 1929-இல் சென்னையில் தொடங்கிய ரானே குழுமம்கூட விராலிமலையில் ஆயில் ஸ்டீரிங் தயாரிப்பையும், ஜப்பானின் என்.எஸ்.கே.யுடன் சேர்ந்து மின் ஸ்டீரிங்கையும் பார்த்துவிட்டது.

இன்று பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட வாசலில் குழந்தையை இறக்கிவிட்டு ஒரே வீச்சில் காரைத் திருப்பிக்கொண்டு போகும் அம்மாக்களுக்கு, ஸ்டீரிங் என்றால் கனம் என்ற நினைப்பே கிடையாது. இந்த ஆதாயத்தை மறைத்துவிட்டுப் பழைய பட்டறையின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழை இரண்டு காலத்தையும் ஒரே தண்ணீரில் நிறுத்தியது. ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் கொக்கிரகுளமும் மூழ்கின. ஆயில் பம்ப் வண்டியில் தண்ணீர் கலந்தால் ஆயில் பால் நிறமாகிக் கண்ணுக்குத் தெரியும். வடித்து, அலசி, புது ஆயில் ஊற்றிப் பார்க்கலாம். மின் ஸ்டீரிங் உள்ள பல கார்களில் மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் டாஷ்போர்டுக்குக் கீழேயே இருக்கின்றன. அங்கே வரை தண்ணீர் ஏறினால் கப்ளர்களில் களிம்பு பிடித்து, கோளாறு பிற்பாடும் தலைகாட்டலாம். ஸ்கேனர் இல்லாமல் பிடிபடுவது கஷ்டம்.

அதனால் பட்டறைக்காரரின் காது செல்லாக்காசாகிவிட்டதா? இல்லை. ஆயில் காலத்து நல்ல மெக்கானிக்கிடம் ஒரு வரிசை இருந்தது. ஸ்டீரிங் கனக்கிறது என்றால் முதலில் டயரில் காற்று, அடுத்து பெல்ட், பிறகு ஆயில், பிறகு ஹோஸ், கடைசியில்தான் பம்ப். மலிவானது முன்னால், விலை கூடியது பின்னால். மின் ஸ்டீரிங் கனத்தாலும், மஞ்சள் விளக்கு எரிந்தாலும் அதே வரிசைதான் பெயர் மாறி வருகிறது: டயரில் காற்று, பேட்டரியின் வோல்டேஜ், எர்த் வயர், ஃபியூஸ், கப்ளர், கடைசியில்தான் மோட்டார். பேட்டரி பலவீனமானாலே அந்த விளக்கு எரிவதுண்டு. ஸ்கேனர் ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்கு எந்த வயர் காரணம் என்று தேடுவது இன்னும் மனிதர் வேலை. எந்தக் காலத்து வண்டியானாலும், “மொத்தமா மாத்திடலாம்” என்கிற பட்டறையில் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், “இதுக்கு முன்னாடி என்னென்ன பார்த்தீங்க அண்ணாச்சி?” என்று கேளுங்கள். பதிலில் வரிசை இருந்தால் வண்டியை விடலாம்.