தந்தி போனது வேறு ஊருக்கு!

கனடா நாட்டில் கியூபெக் நகருக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அதன் மீது இரும்புப் பாலம் கட்ட ஆலோசகராக அமர்த்தப்பட்டவர் தியோடர் கூப்பர். அமெரிக்காவில் பெயர் பெற்ற என்ஜினீயர்.

அவர் இருந்ததோ நியூயார்க்கில். வயது முதிர்ந்தவர், உடம்பும் சரியில்லை. பேசிய சம்பளம் சொற்பம். உதவிக்கு ஆள் வைக்க அது போதாது. ஆனாலும் எதற்கும் அவருடைய சம்மதம் வேண்டும் என்று ஏற்பாடு! இரும்பு வேலை தொடங்கிய பிறகு அவர் அங்கே போகவே இல்லை. வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அனுபவமும் உள்ளவர் ஆற்றங்கரையில் ஒருவரும் இல்லை.

1907 ஆகஸ்டு. பாலத்தின் அடித்தண்டுகள் வளையத் தொடங்கின. "முதலிலேயே வளைந்திருக்கும்" என்றார்கள் சிலர். ஓர் இளம் என்ஜினீயர் ரெயில் ஏறி நியூயார்க்குக்கு ஓடினார். 29-ந் தேதி, பாலத்தில் இனி பாரம் ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி அடித்தார். எங்கே? பாலத்துக்கு அல்ல, பென்சில்வேனியாவில் இருந்த இரும்புக் கம்பெனிக்கு! காலையில் பேசிக்கொள்ளலாம் என்று அங்கே முடிவாயிற்று.

அன்று மாலையே பாலம் ஆற்றில் விழுந்தது. 75 பேர் மாண்டார்கள். அவர்களில் 33 பேர் மோஹாக் பழங்குடியினர், ஒரே ஊர்க்காரர்கள்.

அனுபவமுள்ள என்ஜினீயரை அங்கே நியமிக்காதது தவறு என்று விசாரணைக் கமிஷன் 1908-ல் எழுதியது.