பத்தடித் தூரத்தில் ஒரு சிரிப்பு

“ஐயா, அந்தத் தும்மலைச் சற்று நிறுத்தி வையும், என் காமிராவின் வளையத்தை இன்னும் திருப்பி முடிக்கவில்லை!” என்று வீதியில் போகும் ஒருவரிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அவர் தும்மலை மறந்துவிட்டுப் போலீஸ்காரரைத் தேடிப் போவார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்பார்கள். வீதி நிற்பதில்லை. கைப்பேசிகள் தாமே தூரம் பார்த்துக்கொள்ளும் இந்நாளிலும் பிலிம் சுருளையும், கையால் திருப்பும் வளையத்தையும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் என் போன்றவர்களுக்கு இது தீராத சங்கடம்.

எங்கள் பாட்டிக்குக் காமிராவைக் கண்டால் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகும் முகம் வந்துவிடும். எத்தனையோ முறை முயன்றும் அந்த முகத்தைத் தவிர வேறொன்றும் எனக்கு அகப்பட்டதில்லை. ஒரு நாள் காலை வாசலில் கீரைக்காரியுடன் பேரம் நடந்துகொண்டிருந்தது. கீரைக்காரி என்ன சொன்னாளோ தெரியாது. பாட்டி தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். நான் திண்ணையில் காமிராவும் கையுமாகவே இருந்தேன். ஆனால் வளையம் முதல் நாள் எடுத்த மலைக் காட்சிக்காகக் கடைக்கோடித் தூரத்தில் நின்றது. அவசரமாகத் திருப்பினேன். ஜன்னலில் தெரிந்த இரண்டு பாட்டிகளும் நெருங்கி நெருங்கி ஒரே பாட்டியானபோது, அவள் என்னைப் பார்த்துவிட்டாள்; தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். படம் மிகத் தெளிவாக விழுந்தது. அதில் இருப்பது சாட்சி சொல்லும் பாட்டிதான். அடுத்த மார்கழியில் அவள் காலமானாள். கூடத்தில் மாட்டியிருப்பதும் அந்தப் படமே.

தூரத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் வித்தையை அதன் பிறகே சிரத்தையாகக் கற்றேன்.

வித்தை புதிதன்று. 1888-ல் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடக் பெட்டியில் தூரம் திருத்தும் வசதியே கிடையாது. தொழிற்சாலையில் வைத்ததுதான் தூரம். ஆஸ்கார் பார்னாக் உருவாக்கிய லைக்கா, 1925-ல் லைப்ஸிக் சந்தையில் வெளிவந்தபோது அதில் வளையம் இருந்ததே தவிர, லென்ஸோடு இணைந்த தூரமானி இல்லை. அது 1932-ல்தான் வந்தது. அதுவரையில் லைக்காக்காரர்கள் தூரத்தைக் கண்ணால் மதித்தோ, தனியான தூரமானியால் அளந்தோ வளையத்தை வைத்தார்கள்.

அதே 1932-ல்தான் பாரிஸில் ஸான் லஸார் ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதர் ஒருவரை ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் படம் பிடித்தார். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்த படம் அது. இடுக்கு லென்ஸுக்கே முழுவதும் போதவில்லை. குதிகால் நீரைத் தொடப்போகும் அந்தக் கணத்தில் வளையம் திருப்ப நேரம் ஏது? தூரம் முன்னமே தயாராக இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

இனி, செய்யும் முறை. மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்த தாத்தா பஸ்ஸின் பலகையை எப்படிப் படிக்கிறார்? கண்ணை இடுக்கிக்கொண்டு! லென்ஸும் அப்படித்தான். துவாரம் சிறுத்தால், குறித்த தூரத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவையும் தெளிவாகும். (எண் பெருகப் பெருகத் துவாரம் சிறுக்கும், இந்தத் தலைகீழ்க் கணக்கில் தடுமாறாதவர் இல்லை.) 35 மில்லிமீட்டர் லென்ஸில் துவாரத்தை எஃப் 8-ல் வைத்து, வளையத்தை 10 அடியில் நிறுத்துங்கள். சுமார் 6 அடி முதல் 24 அடி வரையில் யார் வந்தாலும் தெளிவாக விழுவார்கள். என் பாட்டி நின்றது 12 அடியில்! அதே லென்ஸை எஃப் 2-க்குத் திறந்துவிட்டால், ஏறக்குறைய 9 அடி முதல் 12 அடி வரைதான் பிழைக்கும்.

சிலர் தூரத்து மலையும் தெளிய வேண்டுமென்று 17 அடியில் வைக்கச் சொல்வார்கள். எட்டரை அடிக்கு அப்பால் எல்லாம் தெளியும் என்பது மெய்யே. ஆனால் வீதியில் மலை எதற்கு? முகங்கள் அருகில் அல்லவா வருகின்றன? ஆகையால் நான் 10 அடிக் கட்சி.

லென்ஸின்மேல் செதுக்கிய எல்லைக் கோடுகளையும் முழுவதும் நம்ப வேண்டாம். பிலிமில் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு மங்கல் இருக்கலாம் என்ற கணக்கில் போட்ட கோடுகள் அவை. சிறு படத்துக்குச் சரி. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் மங்கல் வெளிப்பட்டுவிடும். எஃப் 8-ல் எடுக்கும்போது 5.6-க்கு உரிய கோடுகளையே எல்லையாகக் கொள்வது உத்தமம்.

வெளிச்சத்தையும் முன்னமே தீர்மானித்துவிடலாம். 400 வேகமுள்ள பிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் 500-ல் ஒரு பங்கு விநாடி. திறந்த நிழலில் எஃப் 8, 125-ல் ஒரு பங்கு. நிழலில் வேகமாக நடப்பவர் சற்றுக் கலைந்து விழக்கூடும். அது தூரத்தின் குற்றமன்று; வளையத்தைத் திட்டாதீர்கள்.

மிஞ்சியது 10 அடியைக் கண்ணுக்குப் பழக்குவதுதான். இதற்கு எங்கள் வீட்டுத் தாழ்வாரமே பள்ளிக்கூடம். தூணைப் பார்த்து, “பத்து” என்று சொல்லிவிட்டு, நாலு எட்டு நடந்து சரிபார்ப்பேன். “காமிரா வாங்கினீர்களா, நிலம் வாங்கினீர்களா?” என்று என் மனைவி கேட்டாள். இன்னொரு சுளுவான அடையாளமும் உண்டு. இந்த லென்ஸுள்ள காமிராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால், 10 அடியில் நிற்பவர் தலை முதல் கால் வரையில், மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, சட்டத்துக்குள் அடங்குவார். காலும் தலையும் இடித்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று அறியலாம்.

மாலை மங்கித் துவாரத்தைத் திறக்க வேண்டிவந்தால் இந்த வித்தை குன்றிவிடும். அப்போது வேடனாகவேண்டும். விளக்குக் கம்பம், வாசற்படி போன்ற ஓர் இடத்துக்குத் தூரத்தைத் திருத்தமாக வைத்துவிட்டு, யாராவது அங்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அரை மணி காத்து, கடைசியில் ஒரு பசுமாடு மட்டும் வந்த நாட்களும் உண்டு.

கீரைக்காரி இன்னும் வருகிறாள். இப்போது பேரம் பேசுவது என் மனைவி. காமிரா திண்ணையிலேயே இருக்கிறது. வளையம் 10 அடியில்.