கைதி எங்கே இருக்கிறார்?

ஹவாய் நீதிமன்றங்கள் தண்டித்த ஆண்களில் பல நூறு பேர் ஹவாயில் இல்லை. கடல் தாண்டி, அரிசோனா பாலைவனத்தில், ஈலாய் என்ற சிற்றூரின் தனியார் சிறையில் இருக்கிறார்கள். சொந்த மாநிலத்தில் இடம் போதாமல் அரசே பணம் கட்டிச் செய்துவைத்த ஏற்பாடு இது. ஹோனலூலுவில் இருக்கும் தாய் மகனைப் பார்க்க விமானம் ஏற வேண்டும். அமெரிக்காவில் ஒரு கைதியைத் தேடும் குடும்பம் தடுமாறுவது இங்கேதான்: தீர்ப்புச் சொன்ன ஊர் ஒன்று, அடைத்துவைத்த ஊர் வேறு.

அங்கே சிறை நிர்வாகம் ஒரே கையில் இல்லை. போலீஸ் பிடித்ததும் ஒருவர் போவது பெரும்பாலும் கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் சிறைக்கு. அதை நடத்துபவர் அந்தக் கவுண்டியின் ஷெரிஃப். விசாரணைக் கைதிகளும், ஓராண்டுக்குக் குறைவாகத் தண்டனை பெற்றவர்களும் அங்கே இருப்பார்கள். அதற்கு மேல் தண்டனை என்றால் மாநிலச் சீர்திருத்தத் துறையின் பொறுப்பு. மத்தியச் சட்டங்களை மீறியவர்களுக்கு மத்தியச் சிறைகள் தனி. டெலவேர், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் போன்ற ஆறு மாநிலங்களில் மட்டும் விசாரணைக் கைதியும் தண்டனைக் கைதியும் மாநில அரசின் கீழேயே வருகிறார்கள்.

இந்தக் கணக்கும் எல்லா இடத்திலும் செல்லாது. கலிபோர்னியாவின் சிறைகள் பிதுங்கி வழிந்ததால் கூட்டத்தைக் குறைக்கும்படி 2011இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு, கடுமையல்லாத குற்றங்களுக்கு நீண்ட தண்டனை பெற்றவர்களையும் கவுண்டிச் சிறையிலேயே வைக்க மாநிலம் சட்டத்தை மாற்றியது. வாஷிங்டன் நகரமோ தன் லார்ட்டன் சிறையை 2001இல் மூடிவிட்டது. பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெறும் அந்நகரவாசிகள் நாடெங்கும் உள்ள மத்தியச் சிறைகளுக்குப் போகிறார்கள்.

மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டவர் நேராகத் தன் சிறைக்குப் போய்விடுவதில்லை. முதலில் வரவேற்பு மையம். உடல்நலம், மனநலம், பழைய வழக்குகள், தப்பி ஓடக்கூடியவரா என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் பாதுகாப்புத் தரம் முடிவாகிறது. இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். வீட்டார் அதிகம் தவிப்பதும் இந்த நாட்களில்தான். கவுண்டிப் பட்டியலிலிருந்து பெயர் போயிருக்கும். மாநிலப் பட்டியலில் இன்னும் ஏறியிருக்காது.

இந்தக் கட்டத்தில் கைதிக்குத் தரப்படும் எண்தான் கைகொடுக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் அதைப் பார்த்தே பாதிக் கதையைச் சொல்லிவிடலாம்: முதல் இரண்டு இலக்கம் சேர்ந்த ஆண்டு, நடுவில் உள்ள எழுத்து அவரை முதலில் ஏற்ற மையம், கடைசி நான்கு இலக்கம் வரிசை. மத்தியச் சிறைகளில் எட்டு இலக்கம். 1982 முதல் அங்கே இருந்தவர்களை மத்தியச் சிறைத் துறையின் இணையதளத்தில் தேடலாம். சுமார் 1.3 லட்சம் கைதிகளை வைத்திருக்கும் டெக்சாஸ் உட்பட, மாநிலத் துறைகளும் இப்படி ஒரு தேடலை இலவசமாகவே தருகின்றன. பெயரைத் தட்டினாலே சிறையின் பெயர் தெரிந்துவிடும்; பல மாநிலங்களில் விடுதலைத் தேதியும் தெரியும். இதே தகவலுக்குக் காசு கேட்கும் தனியார் தளங்கள் ஏராளம். அவற்றுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கத் தேவையில்லை.

தமிழர்களுக்குச் சிக்கல் பெயரில் வருகிறது. அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கலாம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில் ‘எஃப்என்யு’ என்று விசாவில் போட்டுவிடுவார்கள். அதுவே பெயராகப் பல பதிவேடுகளில் நிலைத்துவிடுகிறது. குடியேற்றக் காவலில் இருப்பவர்களுக்கான தேடல் தனி. அங்கே பதிவு எண்ணோ முழுப் பெயரோ, கூடவே பிறந்த நாடும் வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் ஆள் கிடைக்கமாட்டார். எனவே பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே இட்டு, முன்பெயர் பின்பெயரை மாற்றியும் தேட வேண்டும். கைதானவர் இந்தியராக இருந்து, அவரே கேட்டுக்கொண்டால், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல அதிகாரிகள் கடமைப்பட்டவர்கள். 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் தரும் உரிமை அது.

ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டியவர்கள் உறவினர்கள் மட்டுமல்ல. 1993 டிசம்பரில் கென்டக்கியில் மேரி பைரன் என்ற பெண், தன் 21ஆவது பிறந்தநாளன்று சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவன் அவருடைய முன்னாள் காதலன். அவன் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு அவரைக் காப்பாற்றியிருக்கலாம். அந்தக் கொலைக்குப் பிறகு, 1994இல் அது நடந்த கவுண்டியிலேயே தொடங்கியதுதான் ‘வைன்’ என்ற அறிவிப்புச் சேவை. கைதியின் பெயரைக் கொடுத்துப் பதிந்துகொண்டால், அவர் விடுதலையாகும்போது அழைப்போ குறுஞ்செய்தியோ வரும். இன்று பெரும்பாலான மாநிலங்களில் அது இருக்கிறது.

ஆளைக் கண்டுபிடித்த பிறகு பேசுவது எப்படி? வெளியிலிருந்து சிறைக்குப் போன் செய்து கைதியிடம் பேச முடியாது; அவர்தான் அழைக்க வேண்டும். அதன் கட்டணம் பல காலம் குடும்பங்களைக் கடனில் தள்ளியது. வாஷிங்டனைச் சேர்ந்த மார்த்தா ரைட் என்ற பாட்டி, தொலைதூரச் சிறைகளில் இருந்த பேரனோடு பேசவே மாளாத செலவு ஆவதைப் பொறுக்காமல் 2000இல் வழக்குப் போட்டார். அவர் 2015இல் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தாகி, மாநிலத்துக்குள்ளேயே பேசும் சிறை அழைப்புகளின் கட்டணத்தையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்துக்குத் தந்தது. கனெக்டிகட் 2022இலும் கலிபோர்னியா 2023இலும் தங்கள் மாநிலச் சிறைகளில் அழைப்பை இலவசமாக்கிவிட்டன.