சினை (சொல்)

சினை என்பது விலங்குகள் கருவுற்றிருக்கும் நிலையைக் குறிக்கும் தமிழ்ச் சொல். பேச்சு வழக்கில் இது 'செனை' என ஒலிக்கும். மீனின் வயிற்றிலுள்ள முட்டைத் திரளுக்கும் இதுவே பெயர். பழந்தமிழில் மரக்கிளை, பூவரும்பு, உடலுறுப்பு ஆகிய பொருள்களும் இச்சொல்லுக்கு உண்டு. மலையாளத்தில் மாடுகளைக் குறித்து வழங்கும் 'சென' என்பதும் இச்சொல்லே.

கால்நடை வளர்ப்பில்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி ஊர்களில் இச்சொல் அன்றாடம் புழங்குகிறது. இளஞ்சினை, நிறைசினை, சினை பிடித்தல், சினை நிற்றல் எனப் பல தொடர்கள் உள்ளன. கரு கலைந்தால் மட்டும் சொல் மாறிவிடும். அதனைக் 'கன்று வீசுதல்' என்பர்.

மாட்டின் விலையை முடிவு செய்வதில் இச்சொல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. புதன்சந்தை போன்ற மாட்டுச் சந்தைகளில் "எத்தனை மாசச் செனை? எத்தனாவது ஈத்து?" என்ற கேள்விகளுக்குப் பிறகே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவர். தொடக்க மாதங்களில் சினை வெளியே தெரிவதில்லை. கால்நடை மருத்துவர் கையுறை அணிந்து, ஆசனவாய் வழியே கைவிட்டுக் கருப்பையைத் தொட்டுப் பார்த்தே உறுதி செய்வார். கருவூட்டல் செய்து இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து இவ்வாறு 'சினை பார்ப்பது' வழக்கம். சினை என்று நம்பி வாங்கிய மாடு வெறும் மாடாக இருந்தால், அடுத்த கன்றும் பாலும் கிடைக்கும் வரை தீவனச் செலவு முழுதும் வாங்கியவர் தலையில் விழும்.

பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கருவூட்டிய மாடு அடுத்த 21-ஆம் நாளை ஒட்டி மீண்டும் கத்தத் தொடங்கினால் 'சினை நிக்கல' என்பது பொருள். சினைக்காலம் பசுவுக்குச் சுமார் 280 நாள், எருமைக்கு 310 நாள், ஆடுகளுக்கு 150 நாள்.

செயற்கைக் கருவூட்டலை மக்கள் 'சினை ஊசி' என்கிறார்கள். உண்மையில் அதில் ஊசி குத்துவதே இல்லை. உறைவிந்துக் குச்சியிலுள்ள விந்து, நீண்ட குழல் போன்ற கருவி வழியாகக் கருப்பையில் செலுத்தப்படுகிறது. மருத்துவர் கையில் எது இருந்தாலும் அது ஊசி என்ற வழக்கில் பிறந்த பெயர் இது.

முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளில் இச்சொல்லுக்கு வேலையில்லை. கோழியைச் சினை என்று யாரும் சொல்வதில்லை. அது முட்டையிடும், அடைகாக்கும். பண்ணைக் கோழிகள் சேவலின்றியே இடும் முட்டைகள் கருவுறாதவை என்பதால் அங்கே அடைகாத்தலும் இல்லை.

சினை ஆட்டை அறுக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. 2001-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு (அறுவைக்கூட) விதிகளும் சினை விலங்கை அறுப்பதைத் தடை செய்கின்றன.

இலக்கணத்தில்

முழுப்பொருளை 'முதல்' என்றும் அதன் உறுப்பைச் 'சினை' என்றும் தமிழ் இலக்கணம் பிரிக்கிறது. கை, கிளை, இலை என்பன சினைப்பெயர்கள். தாயுடலிலிருந்து அரும்புவது, மரத்திலிருந்து கிளைப்பது என்ற இரண்டும் ஒரே எண்ணத்தின் இரு முகங்களாகத் தோன்றுகின்றன. சினைத்தல் என்ற வினைக்கும் அரும்புதல், கருக்கொள்ளுதல் என்ற இரு பொருள்களும் உண்டு.

'வெற்றிலை நட்டான்' என்பது சினையாகுபெயருக்குப் பள்ளிகளில் சொல்லித்தரும் எடுத்துக்காட்டு. நடப்படுவது கொடி, இலையின் பெயர் கொடிக்கு ஆகி வந்துள்ளது. பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கொடிக்கால்களைப் பார்த்து வளர்ந்த மாணவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

உருவகத்தில்

மழை மேகத்தைச் 'சூல் கொண்ட மேகம்' என்பர். கதையின் மையத்தைக் 'கதைக்கரு' என்பர். கவிதையும் கதையும் சூலையும் கருவையும் எடுத்துக்கொண்டு, சினையைத் தொழுவத்திலேயே விட்டுவிட்டன. சூலம், சூலை நோய் ஆகியவற்றுக்கும் சூலுக்கும் தொடர்பில்லை. அவை வடமொழி வழி வந்தவை.

பெண்களைக் குறித்து

கருவுற்ற பெண்ணைச் 'செனை' என்பது கடும் அவமதிப்பு. பருமனான உடலைப் பழிக்கும் 'செனைப்பன்னி' என்ற வசவு இதிலிருந்து வந்தது. பெண்ணுக்குரிய சொற்கள் பெரும்பாலும் சுற்றி வளைத்தே பேசும்: 'மாசமா இருக்கா', 'வாயும் வயிறுமா இருக்கா', 'முழுகாம இருக்கா'. கடைசியாகச் சொன்னது, மாதவிலக்கு முடிந்து தலை முழுகும் வழக்கத்தை வைத்துப் பிறந்தது; முழுகவில்லை என்றால் விலக்கு நின்றுவிட்டது என்று பொருள்.

ஆனால் மருத்துவத் தமிழ் இந்த வேலியைப் பொருட்படுத்தவில்லை. பெண்ணின் கருமுட்டை உருவாகும் உறுப்பு 'சினைப்பை' ஆயிற்று. 'சினைப்பை நீர்க்கட்டி' என்று மருத்துவர் சொல்லும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. இதே உறுப்பைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் 'அண்டகம்' என்றும் இலங்கைப் பாடநூல்கள் 'சூலகம்' என்றும் குறிப்பிடுகின்றன.