கரண்டு கம்பியில் ஒரு டெலிபோன்

பூதப்பாண்டியில் இன்டர்காம் மாட்டிக் கொடுக்கிற என்னிடம் கடைக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணாச்சி, நாகர்கோவில் கடையில மூணு நம்பர் அமுக்கினா இங்க கிட்டங்கியில மணி அடிக்கணும். முடியுமா?"

முடியும். உள் எண்களை ஒன்றோடொன்று இணைக்கிற இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி அங்கே ஒன்று, இங்கே ஒன்று, நடுவே ஒரு பாதை. இன்று இன்டர்நெட்டே அந்தப் பாதை. மின்வாரியமோ இன்டர்நெட் வருவதற்கு வெகுகாலம் முன்பே இதைச் செய்துவிட்டது, அதுவும் தனியாக டெலிபோன் கம்பி இழுக்காமல்!

கோதையாறு மின் நிலையம் 1970களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது. அதன் இரண்டு பிரிவுகளும் சேர்ந்து 100 மெகாவாட். அப்படி மலைக்குள் இருக்கிற இடத்துக்கு ஊர் டெலிபோனை நம்பி எப்படி உத்தரவு கொடுப்பது? அதனால் மின்துறையில் உயர் அழுத்த மின்கம்பியிலேயே பேச்சையும் அனுப்பினார்கள். பி.எல்.சி.சி. என்பார்கள்.

மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. பேச்சை 50 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள அலையில் ஏற்றிவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே கம்பியில் ஓடும். கப்ளிங் கெப்பாசிட்டர் பேச்சு அலையை உள்ளே விட்டு, மின்சாரத்தைத் தடுத்துவிடும். பெரிய துணைமின் நிலைய வாசலில், கம்பி நுழையும் இடத்தில் பீப்பாய் போலத் தொங்குமே, அதுதான் வேவ் டிராப். பேச்சு அலை நிலையத்துக்குள் கசிந்து வீணாகாமல் அது மறித்துக்கொள்ளும். பேச்சை ஏற்றி இறக்கும் பேனல் பேட்டரியில் ஓடுவதால் கம்பியில் கரண்டு இல்லாவிட்டாலும் பேசலாம். கம்பியே அறுந்தால் போச்சு.

எனக்கு இதில் பிடித்தது கம்பி வித்தை அல்ல, நம்பர் வகுத்த விதம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறியீடு. மூன்றாவது நிலையத்தைக் கூப்பிட்டால், நடுவிலுள்ள எக்ஸ்சேஞ்ச் தானே அடுத்த லைனைப் பிடித்துக் கொடுக்கும். ஒரு சேனலில் ஒரு பேச்சுதான் போகும். ஆகவே முன்னுரிமை பெற்ற அதிகாரி, நடக்கிற பேச்சை வெட்டிக்கொண்டு உள்ளே நுழையலாம். கிரிட் சரியும் நேரத்தில் மரியாதை பார்க்க முடியுமா? இப்போது டவர் உச்சியில் போகும் எர்த் கம்பிக்குள்ளேயே ஃபைபர் வந்துவிட்டது, நெரிசல் இல்லை.

கடைகளில் வேலை சிக்குவதும் நம்பரில்தான். அந்தக் கடையிலும் 201, இங்கேயும் 201 என்றால் பெட்டி யாரைக் கூப்பிடும்? அங்கே 2இல், இங்கே 3இல் தொடங்கும்படி முதலில் தாளில் எழுதி வாங்கிக்கொள்வேன். ஒயரை அப்புறம் தொடலாம்.

அடுத்தது சட்டம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தொலைத்தொடர்பை அரசின் தனி உரிமை ஆக்கியது. கம்பெனிக்காரர்கள் தங்கள் கிளைகளுக்குள் தனி லைனில் பேசிக்கொள்ளலாம். ஆனால் அந்த லைனில் சென்னைக் கிளைக்குப் போய், அங்குள்ள லோக்கல் லைனைப் பிடித்து வெளியாளிடம் பேசக் கூடாது. வெளியூர் அழைப்புக்கான எஸ்.டி.டி. வருமானம் போய்விடும் என்ற பயம்! எஸ்.டி.டி. கட்டணமே வழக்கொழிந்த பிறகும் அந்த விதி சட்டென்று விடவில்லை; 2021 ஜூனில்தான் கால் சென்டர்களுக்குப் பெரிய தளர்வு கிடைத்தது.

நானோ இரண்டு பெட்டியையும் இணைத்துவிட்டு, வெளி லைனைப் பிடிக்கிற அந்த ஒரு வழியை மட்டும் புரோகிராமில் அடைத்துவிடுவேன். "அதையும் திறந்து விட்டுருங்களேன் அண்ணாச்சி" என்று கேட்காத முதலாளிகள் குறைவு.